கோடையில் வடக்கே: சேலத்தில் இருந்து காவிரிக் காடுகளுக்குப் போகும் சாலைகளும் தண்ணீரின் வழியும்

ஏப்ரல் பிறந்துவிட்டால் சேலத்தில் இருந்து கிளம்பும் சுற்றுலா வண்டிகளில் பெரும்பாலானவை ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளை நோக்கித் திரும்பிவிடுகின்றன. ஓமலூர், மேச்சேரி வழியாக மேட்டூருக்குப் போய், கொளத்தூரைத் தாண்டி, பாலாற்றுப் பாலத்தில் மாநில எல்லையைக் கடந்து மாதேஸ்வரன் மலைக்கு ஏறுகிற வண்டிகளும் உண்டு என்றாலும், அவற்றில் போகிறவர்களின் எண்ணம் கோயிலின் மேல்தான் இருக்கும். இந்த இரண்டு கூட்டத்திலும் சேராமல், காட்டு விலங்குகளைப் பார்ப்பதற்காகவே கோடையில் வடக்கே போகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் திரும்பி வந்து சொல்லும் செய்தி இரண்டே வகைதான்: சாலையிலேயே யானைக் கூட்டம் நின்றது, அல்லது குரங்கைத் தவிர ஒன்றும் கண்ணில் படவில்லை. இரண்டையும் அதிர்ஷ்டத்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம். ஆனால் காவிரிக் கரைக் காடுகளில் கோடைக் காலத்தில் எந்த விலங்கு எந்த நேரத்தில் எந்தச் சாலையோரம் வந்து நிற்கும் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் தண்ணீர்தான். தண்ணீருக்கு அடுத்தபடி புல், அதற்கும் அடுத்தபடி மனிதர் போட்ட பயிர். அந்தக் கணக்குத் தெரிந்தவருக்கு அதிர்ஷ்டம் குறைவாகவே தேவைப்படும்.

நம் மலையில் இருந்தே தொடங்கலாம். கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு துண்டான சேர்வராயன் மலையின் உச்சி 1,600 மீட்டரைச் சற்றே தாண்டுகிறது. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் காப்பிக் கன்றுகளைக் கொண்டுவந்து நட்ட பிறகு, மலையின் மேல்தளம் மெல்ல மெல்லத் தோட்டங்களாக மாறியது. சில்வர் ஓக் நிழலில் காப்பியும், மரங்களில் படர்ந்த மிளகுமாக இருக்கிற அந்தத் தோட்டங்களின் ஓரத்தில்தான் இம்மலையின் மிகப் பெரிய விலங்கான காட்டெருமை இன்று மேய்கிறது. முழு வளர்ச்சி பெற்ற ஆண் ஒன்று ஒரு டன் எடையை நெருங்கும். கருத்த உடலுக்குக் கீழே முழங்கால் முதல் குளம்பு வரை வெளுத்திருக்கும் கால்களை வைத்துத் தொலைவிலேயே அடையாளம் கண்டுகொள்ளலாம். பங்குனி வெயிலில் கீழ்ச்சரிவுக் காடு காய்ந்துபோனதும், நிழலும் பசுமையும் தோட்டங்களில் தேக்கிவைத்த குட்டைத் தண்ணீரும் மேலேதான் மிச்சம் என்பதால், அது மனிதர் நடமாட்டத்தைப் பொருட்படுத்தாமல் சாலை வரைக்கும் வந்துவிடுகிறது.

யானைக் கூட்டம் இங்கே ஏன் தங்கி வாழ்வதில்லை என்று கேட்டால், விடை மலையில் இல்லை. மலையைச் சுற்றி இருக்கிறது. ரயில் பாதை, தேசிய நெடுஞ்சாலை 44, ஊர்கள், தோட்டங்கள், வயல்கள் என்று எல்லாத் திசையிலும் சூழப்பட்டுத் தனித்துப்போன மலை இது. நாளொன்றுக்கு 100 லிட்டருக்கு மேல் தண்ணீர் குடித்து, 150 கிலோ அளவுக்குத் தீனி தின்று, பருவத்துக்கு ஒரு பக்கமாகப் பல நூறு சதுர கிலோமீட்டர் சுற்றி வரவேண்டிய யானைக்கு, வெளியே போக வழியில்லாத மலை எவ்வளவு பசுமையாக இருந்தாலும் போதாது.

காவிரியை நெருங்கும்போது இந்த நிலைமை தலைகீழாகிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளில் 504 சதுர கிலோமீட்டர் பரப்பு 2014இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் ஆனது. அதைக் கர்நாடகத்தின் காவிரி சரணாலயத்தோடு இணைக்கும் விதமாக 2022 நவம்பரில் 686 சதுர கிலோமீட்டரில் காவிரி தெற்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. மாதேஸ்வரன் மலைக் காடுகள் 906 சதுர கிலோமீட்டர் அளவில் 2013 முதல் சரணாலயமாக இருக்கின்றன. அந்தியூர், கோபி வட்டங்களில் பர்கூர் மலையை உள்ளடக்கிய தந்தை பெரியார் சரணாலயம் இந்தச் சங்கிலியில் அண்மையில் சேர்ந்த கண்ணி. அதற்கு மேற்கே பிலிகிரிரங்கன் மலையும், 1,400 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சத்தியமங்கலம் புலிகள் காப்பகமும், அதைத் தாண்டி பண்டிப்பூர், முதுமலை, வயநாடும் வருகின்றன. ஆசிய யானைகள் உலகிலேயே மிக அதிகமாக வாழும் நிலப்பரப்பு இதுதான். தமிழ்நாட்டில் 2024இல் எடுத்த கணக்கெடுப்பில் மதிப்பிடப்பட்ட 3,063 யானைகளில் பெரும்பகுதி இந்தத் தொடர்ச்சியில்தான் இருக்கின்றன. மேட்டூர் வழியாக வடக்கே போகிற சேலத்துக்காரர், தம் வீட்டில் இருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இந்தப் பெரும் காட்டின் கிழக்கு வாசலை அடைந்துவிடுகிறார். பண்டிப்பூர் வரை போய் ஜீப்புகளின் வரிசையில் நின்று பார்ப்பதைக் காட்டிலும் இது எனக்கு உவப்பானது.

ஆனால் மேற்கு மலைகளின் அடர்ந்த பச்சையை எதிர்பார்த்து இங்கே வருகிறவர் ஏமாந்துபோவார். தென்மேற்குப் பருவக்காற்று நீலகிரியிலும் குடகிலும் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் குறைந்த பிறகுதான் இந்தப் பக்கம் வருகிறது. ஆகவே கொளத்தூர் முதல் ஒகேனக்கல் வரையிலான காடு பெரும்பாலும் முள்ளும் புதரும், உசிலும் வெள்வேலும் ஆச்சாவும் நிறைந்த வறண்ட இலையுதிர் காடு. இங்கே மழை இரண்டு தவணையாகப் பெய்யும்: மே மாதத்தில் இடியோடு வரும் கோடை மழை, பிறகு செப்டம்பர் முதல் நவம்பர் வரை பெய்யும் பெருமழை. டிசம்பருக்குப் பிறகு மழை அநேகமாக நின்றுபோகிறது. தையில் மரங்கள் இலை உதிர்க்கத் தொடங்குகின்றன. மாசி முடிவதற்குள் ஓடைகளில் பலவும் வெறும் மணலாகிவிடுகின்றன. புதர் இலையுதிர்த்து நிற்கும்போது, மழைக்காலத்தில் பத்தடி தூரத்தில் நின்றாலும் தெரியாத விலங்கு, நூறு மீட்டருக்கு அப்பால் நின்றாலும் தெரிகிறது. கோடையில் விலங்குகள் அதிகமாகத் தென்படுவதற்கு முதல் காரணம் இதுதான். விலங்குகளின் எண்ணிக்கை கூடிவிடவில்லை, திரை விலகியிருக்கிறது.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. 1980களின் தொடக்கத்தில் சத்தியமங்கலம், சாமராஜநகர் காடுகளில் யானைகளை ஆராய்ந்த ராமன் சுகுமார், அவற்றின் ஆண்டுச் சுற்றைத் தெளிவாக வரைந்து காட்டினார். ஆண்டின் முதல் நான்கு மாதங்களில் யானைகள் ஆற்றுப் பள்ளத்தாக்குகளையும் வற்றாத நீர்நிலைகளையும் ஒட்டி நெருங்கிக் குவிகின்றன. அப்போது காய்ந்து சத்திழந்த புல்லை விட்டுவிட்டு மரப்பட்டை, தழை, குச்சி ஆகியவற்றுக்கு மாறுகின்றன. முதல் மழை விழுந்து புல் துளிர்த்ததும் கூட்டங்கள் பிரிந்து மலைகளின் உட்பகுதிகளுக்குச் சிதறிப்போகின்றன. ஆக, கோடைப் பயணி பார்ப்பது பரந்து கிடக்க வேண்டிய ஒரு கூட்டம் தாகத்தால் ஒரு குறுகிய கோட்டுக்குள் நெருக்கப்பட்ட காட்சியை. அந்தக் கோடு எங்கே ஓடுகிறது என்பதுதான் கேள்வி. மலைப் பகுதியில் சாலை போடுகிறவரும் ஏற்றம் குறைந்த பள்ளத்தாக்கைத்தான் தேடுவார். ஊர் அமைக்கிறவரும் தண்ணீர்ப் பக்கத்தைத்தான் தேடுவார். அதனால் ஆறு, சாலை, ஊர், யானைத்தடம் நான்கும் பல இடங்களில் ஒன்றையொன்று ஒட்டியே ஓடுகின்றன.

பாலாற்றை எடுத்துக்கொள்வோம். இது வேலூர்ப் பக்கத்துப் பாலாறு அன்று. எல்லையோர மலைகளில் தோன்றி, மேட்டூர் அணையின் நீர்ப்பரப்புக்குச் சற்று மேலே காவிரியில் கலக்கும் சிறு காட்டாறு. கோடையில் இதன் படுகை வெறும் மணல் போலத் தோன்றினாலும் மணலுக்கு அடியில் நீர் நகர்ந்துகொண்டிருக்கிறது; யானைக்கு அது தெரியும். முன்னங்காலால் மணலைப் பின்னுக்குத் தள்ளித் தள்ளி, தும்பிக்கையால் ஓரத்தைச் சரிசெய்து, ஒரு முழம் இரண்டு முழ ஆழத்தில் ஊற்றுக்குழி தோண்டும். முதலில் ஊறும் கலங்கலை உறிஞ்சி வெளியே பீச்சிவிட்டு, தெளிந்த தண்ணீர் ஊறி வரும்வரை குழியின் மேல் நின்றுகொண்டிருக்கும். பெரியவை குடித்து முடிக்கும்வரை குட்டிகள் காலுக்கிடையே நெருக்கிக்கொண்டு நிற்கும். கூட்டம் நகர்ந்த பிறகு காட்டுப்பன்றி, புள்ளிமான், மயில், கீரி என்று வரிசையாக அந்தக் குழிக்கு வந்துபோகும். நடுப்பகலில் அதன் ஈர விளிம்பில் வண்ணத்துப்பூச்சிகளும் தேனீக்களும் மொய்த்திருக்கும். பாலத்தின் மேலிருந்து தொலைநோக்கியால் மணற்படுகையை நிதானமாகப் பார்க்கிறவருக்கு, யானை இல்லாத நேரத்திலும் இந்தக் குழிகள் நிறையவே சொல்லும். ஓரம் சரியாமல் ஈரமாக இருந்தால் அன்று விடிகாலை வேலை. உலர்ந்து பொடிந்திருந்தால் கூட்டம் வேறு பக்கம் போய்விட்டது.

மேட்டூர் அணையும் இந்தக் கணக்கில் ஒரு பெரிய எண். 1934இல் கட்டி முடிக்கப்பட்ட இந்த அணையின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. நீர்மட்டம் இறங்கிக்கொண்டே வரும் கோடை மாதங்களில், பண்ணவாடிப் பக்கம் நீரில் மூழ்கிக் கிடந்த பழைய கோயிலின் நந்தியும் தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தெரியத் தொடங்கினால் அதைப் பார்க்கவே ஒரு கூட்டம் போகும். அவர்கள் கவனிக்காமல் விடுவது நந்தியைச் சுற்றி விரிந்து கிடக்கும் வண்டல் நிலத்தை. நீர் விலகிய இடத்தில் புல் முளைக்கிறது. விவசாயிகள் எள்ளும் சோளமும் கம்பும் விதைக்கிறார்கள். ஆட்டு மந்தைகளும் மாட்டு மந்தைகளும் இறங்குகின்றன. காட்டை ஒட்டிய மேல்பகுதியில் விலங்குகளும் அதே பசுமைக்குத்தான் வருகின்றன. சுற்றிலும் நூறு மைல் காய்ந்து கிடக்கையில் மேய்ச்சல் கிடைக்கிற ஒரே பட்டை நீர்விளிம்பாக இருந்தால், அங்கே மனிதரும் மாடும் மானும் சந்தித்தே தீர வேண்டும்.

ஒகேனக்கல் சாலை எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் அருவியைத் தவிர வேறெதையும் பார்க்காமல் திரும்புகிறவர்களே அதிகம். தருமபுரியில் இருந்து 46 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ஒகேனக்கல்லுக்குப் பென்னாகரத்தைத் தாண்டி இறங்கும் மலைச்சாலையில், யானை கடக்கும் பகுதி என்று வனத்துறை வைத்திருக்கும் பலகைகள் அலங்காரத்துக்காக வைத்தவை அல்ல. மேட்டில் இருக்கும் காடு வற்றிய பிறகு, கீழே காவிரிக்கு இறங்கி ஏறுவதற்கு யானைகளுக்கு இந்தச் சாலையைக் கடப்பதைத் தவிர வேறு வழியில்லை. இறங்குவது பெரும்பாலும் பிற்பகல் வெயில் தணிந்த பிறகு, ஏறுவது விடிகாலை. பகல் 11 மணிக்கு அருவியில் குளிக்கவும் 4 மணிக்குள் வீடு திரும்பவும் திட்டமிட்டவர் யானையைக் காணாததில் வியப்பில்லை.

ஆற்றங்கரைக்கு வந்துவிட்டால் காடே வேறாகிறது. நீர்மருதும் நாவலும் புங்கனும் வேரை நீருக்குள் விட்டு நிற்கும் இந்தக் குறுகிய பச்சைப் பட்டையில்தான் நரைமயிர் மலை அணில் வாழ்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் மலைகளைப் போல இந்தியாவில் சில இடங்களிலேயே காணப்படும் அணில் இது. ஒரு மரத்தில் இருந்து இன்னொன்றுக்குக் கிளை வழியாகவே போகிற இந்த அணிலுக்கு, ஆற்றோர மரங்களின் தலை ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருக்க வேண்டும். நடுவே நான்கு மரம் வெட்டுப்பட்டால் அதன் ஊர் இரண்டாகப் பிளந்துபோகும். பாறைகளின் மேல் நன்னீர் முதலைகள் காலை வெயிலில் வாய் பிளந்து கிடப்பதும், நீர்நாய்க் குடும்பங்கள் மீன் விரட்டுவதும் கோடையில்தான் எளிதாகக் காணக் கிடைக்கும். நீர் குறைந்து மடுக்களாகப் பிரிந்த ஆற்றில் மீன் அடைபட்டுப்போவதால், மீன் தின்கிறவற்றுக்கு அது அறுவடைக் காலம். யானையை மட்டுமே தேடிவந்தவர்கள் இந்தப் பகுதியைப் பரிசலில் பேசிக்கொண்டே கடந்துவிடுவது பெரிய இழப்பு.

சாலையோரத்துக்கு விலங்கு வருவதற்குத் தண்ணீர் அல்லாத காரணமும் ஒன்று உண்டு. அதை அறிய உலகின் வேறொரு மூலையைப் பார்ப்பது உதவும். வட அமெரிக்காவின் வடமேற்கில், கனடாவின் டாசன் கிரீக்கில் தொடங்கி அலாஸ்காவின் டெல்டா ஜங்ஷன் வரை ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர் ஓடும் அலாஸ்கா நெடுஞ்சாலையை 1942இல் போர்க்காலத் தேவைக்காக அமெரிக்க ராணுவம் அமைத்தது. ஜூன், ஜூலையில் அந்தச் சாலையில் போகிறவர்கள் கரடியையும் பைசன் என்னும் காட்டெருதையும் காரில் இருந்தபடியே பார்க்கிறார்கள். அங்கே கோடை என்பது பஞ்சகாலம் அன்று. நள்ளிரவு வரை வெளிச்சம் நீளும் வளமான பருவம். இருந்தும் விலங்கு சாலைக்கு வருகிறது. பார்வை மறைக்காமல் இருப்பதற்காகச் சாலையின் இரு பக்கமும் மரத்தை வெட்டிவிடுவதால் அங்கே வெயில் விழுந்து இளம்புல்லும் பூண்டும் செழித்து வளர்கின்றன. அடர்ந்த காட்டுக்குள் கிடைக்காத அந்தத் தீனிக்காக விலங்கு ஓரத்துக்கு வருகிறது. நம் பக்கமும் இதேதான் நடக்கிறது. தீ பரவாமல் இருக்க வனத்துறையினர் காட்டுச் சாலைகளின் இருமருங்கும் செடிகொடிகளை வெட்டித் தீத்தடுப்புக் கோடுகள் போடுகிறார்கள். ஏப்ரல் கடைசியிலோ மே முதல் வாரத்திலோ ஒரு நல்ல மழை விழுந்ததும், வெட்டிய அந்தப் பட்டையில்தான் முதல் புல் தலைகாட்டும். உள்ளே உன்னிச்செடி மண்டிய இடங்களில் புல்லுக்கு இடமே இல்லை. மழை பெய்த ஒரு வாரத்துக்குப் பிறகு புள்ளிமானும் காட்டெருமையும் சாலையோரம் கூட்டமாக மேய்வதன் காரணம் இதுதான்.

தீயைப் பற்றி இங்கே சொல்லாமல் நகர முடியாது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காடு பற்றக்கூடிய காலம். பற்றுவதற்குக் காரணம் பெரும்பாலும் மனிதர் கை. பண்டிப்பூரில் 2019 பிப்ரவரியில் சில நாள்களுக்குள் பல ஆயிரம் ஏக்கர் எரிந்துபோனது. அதற்கு முந்தைய ஆண்டு, 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி 23 பேர் உயிரிழந்த பிறகு, மலையேற்றத்துக்கென்று தமிழ்நாடு அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது. தீக்காலத்தில் மலையேற்றப் பாதைகள் மூடப்படுவது இப்போது வழக்கம். விலங்கு மிக எளிதாகத் தென்படும் மார்ச் மாதத்தில், இறங்கி நடப்பதற்கு அனுமதி இருக்காது; பயணி சாலையையும் வண்டியையும் நம்பியே இருக்க வேண்டும்.

வறட்சியைச் சமாளிக்க வனத்துறை காட்டுக்குள் சிமென்ட் தொட்டிகள் கட்டி, டிராக்டரிலும் டேங்கரிலும் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுகிறது; சில இடங்களில் சூரிய மின்சக்தியில் ஓடும் ஆழ்துளைக் கிணறுகள் இருக்கின்றன; பக்கத்திலேயே உப்புக்கட்டிகளும் வைக்கிறார்கள். செய்தித்தாளில் படத்தோடு வரும் இந்த ஏற்பாட்டைப் பாராட்டாதவர் இல்லை. கருணை என்ற அளவில் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை; ஆனால் சூழலியல் கணக்கு அவ்வளவு எளிதன்று. ஆண்டு முழுதும் தண்ணீர் இருக்கும் இடத்தில் விலங்குகள் நிலைத்துவிடுகின்றன. சுற்றிலும் உள்ள தழையும் கன்றும் மிதிபட்டு மொட்டையாகின்றன. நீர் தேடி இடம் மாறும் பழக்கம் தளர்கிறது. டேங்கர் எளிதில் போய்வரக்கூடிய இடம் என்பதற்காகவே தொட்டிகள் பலவும் சாலைக்கு அருகில் அமைவதால், விலங்கைச் சாலைக்குப் பக்கத்தில் பழக்குகிறோம். பயணிக்கு அது நல்ல காட்சி. லாரி வரும் இரவில் அதே தொட்டி விலங்குக்கு ஆபத்து.

பயிரின் கணக்கு வேறொரு நாட்காட்டியைப் பின்பற்றுகிறது. தளி, ஜவளகிரி வழியாக வரும் யானைக் கூட்டங்கள் ஓசூருக்கு அருகே சானமாவுக் காட்டுக்குள் புகுவது ராகி முற்றும் மழைக்கால முடிவிலும் முன்பனியிலும்தான். அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல்லுக்கு இறங்கும் சாலையில் மே மாதத்தில் போகிறவர் அந்தக் கூட்டத்தை எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் ஆற்றுக்கு இறங்கும் சிறு கூட்டங்களையும் மாந்தோப்புப் பக்கம் சுற்றும் ஒற்றை ஆண் யானைகளையும் எதிர்பார்க்கலாம். பயிர் மேய்வதில் பெண் யானைகளைக் காட்டிலும் ஆண் யானைகளே மிகவும் முன்னிற்கின்றன என்பதும் சுகுமாரின் ஆய்வு காட்டியதே. இதன் மறுபக்கம் விவசாயியின் வயலில் இருக்கிறது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே ஒரு வயலைச் சுற்றிச் சட்டவிரோதமாகப் போட்டிருந்த மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. உடன் வந்த இரண்டு குட்டிகள் தப்பின. ஒரு போகத்துக் கடனை ஓர் இரவில் இழக்கிறவரின் கோபத்தை வண்டியில் வந்துபோகும் நாம் எளிதில் மதிப்பிட முடியாது. ஆயினும் கள்ள மின்சாரத்தை எந்தக் கோபமும் நியாயப்படுத்தாது.

மேற்கே திம்பம் மலைப்பாதையில் இதே உறவு ஒரு விந்தையான வடிவம் எடுத்திருக்கிறது. தாளவாடி மேட்டுநிலத்தில் விளையும் கரும்பை ஏற்றிக்கொண்டு லாரிகள் ஆசனூர் வழியாகச் சத்தியமங்கலத்துக்கு இறங்குகின்றன. காரப்பள்ளம் சோதனைச்சாவடிப் பக்கம் அதிகப் பாரத்தைத் தடுக்கும் உயரத் தடுப்பில் இடிக்கும் கரும்புகளை ஓட்டுநர்கள் உருவிச் சாலையோரம் போட்டுவிட்டுப் போகப்போக, யானைகள் அதை எதிர்பார்த்துக் காத்திருக்கப் பழகின. பிறகு காத்திருப்பதையும் விட்டு, வருகிற லாரியை மறித்துக் கரும்புக் கட்டைப் பிடுங்கவே கற்றுக்கொண்டன. குட்டிகள் தாயைப் பார்த்துப் படிக்கின்றன என்பதால் இந்தப் பழக்கம் அடுத்த தலைமுறைக்கும் போய்விட்டது. 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட இந்தப் பாதையில் விலங்குகள் அடிபடுவதைத் தடுக்க, 2022 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனங்களுக்குத் தடை நடைமுறைக்கு வந்தது. உள்ளூர்வாசிகளுக்கும் அவசரத் தேவைகளுக்கும் விலக்கு உண்டு, சரக்கு வாகனங்களுக்குக் கட்டுப்பாடு கூடுதல். 2009 முதலே பண்டிப்பூரில் இத்தகைய இரவுத்தடை இருக்கிறது.

இந்தக் காடுகளின் சாலைகள் அமைதியாக இருப்பதே அண்மைக் காலத்துச் செய்தி. 1993 ஏப்ரல் 9 அன்று பாலாற்றுக்கு அருகே வீரப்பன் கும்பல் வைத்த கண்ணிவெடியில் 22 பேர் இறந்தனர். 2004 அக்டோபர் 18 அன்று தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியில் வீரப்பன் சுட்டுக் கொல்லப்படும் வரை கொளத்தூருக்கு அப்பால் உல்லாசப் பயணம் என்ற பேச்சுக்கே இடமிருக்கவில்லை. தந்தத்துக்காக ஆண் யானைகள் வேட்டையாடப்பட்ட அந்த ஆண்டுகளின் தழும்பு ஆண், பெண் யானைகளின் விகிதத்தில் நெடுநாள் தெரிந்தது. இன்று பெரிய தந்தத்தோடு ஒரு கொம்பன் சாலையோரம் நின்றால் அதை வெறும் படமாக எண்ணிக் கடந்துவிட முடியாது. வேட்டை தணிந்த பிறகு வளர்ந்து ஆளாகும் வாய்ப்புப் பெற்ற தலைமுறையைச் சேர்ந்தது அது.

பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு விலங்கு தென்படும் முன்பே காடு பேசத் தொடங்கிவிடும். சாலையில் கிடக்கும் யானைச் சாணத்தின் மேற்பரப்பு பளபளத்து, சாண வண்டுகள் அப்போதுதான் வந்து சேர்கின்றன என்றால் கூட்டம் தொலைவில் இல்லை. மந்திக் கூட்டத்துக்குக் கீழே புள்ளிமான்கள் நிற்பது தற்செயல் அன்று. மந்தி பறித்துச் சிந்தும் தழையை மான் தின்கிறது, மரத்தின் மேலிருந்து சிறுத்தையை முதலில் பார்க்கும் மந்தியின் எச்சரிக்கைக் குரல் மானுக்கும் பயன்படுகிறது. அந்தக் குரல் விட்டுவிட்டு ஒரே திசையை நோக்கி எழுந்தால் வண்டியை ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காத்திருக்கலாம். யானை எதிர்ப்பட்டால் ஹாரன் அடிப்பதும், விளக்கை மின்னுவதும், இறங்கிப் படம் எடுப்பதும் உயிரோடு விளையாடுவது. காதை விரித்து, தலையைத் தூக்கி, இரண்டடி ஓடிவந்து நிற்பது பெரும்பாலும் மிரட்டல். தும்பிக்கையைச் சுருட்டி, காதைப் பின்னுக்கு ஒட்டிக்கொண்டு சத்தமில்லாமல் வருவது மிரட்டல் அன்று. குட்டி சாலையின் ஒரு புறமும் தாய் மறுபுறமும் நிற்கும்போது நடுவே வண்டியை விடுகிறவருக்கு விளக்கம் சொல்லிப் பயனில்லை. ஏற்காட்டு வளைவுகளில் குரங்குக்கு வாழைப்பழமும் பிஸ்கட்டும் போட்டுப் பழகிய கை வடக்கே போனாலும் ஜன்னல் வழியாக நீளுகிறது. தின்பண்டத்துக்குப் பழகிய குரங்கு சாலையிலேயே உட்கார்ந்திருந்து அடிபடுகிறது, சரணாலயத்துக்குள் வனத்துறை அதற்கு அபராதமும் போடுகிறது.

எப்போது போவது என்பதற்கு ஒரே விடை கிடையாது. யானைக் கூட்டத்தை ஆற்றங்கரையில் பார்க்க வேண்டுமானால் பிப்ரவரி கடைசி முதல் ஏப்ரல் நடு வரை. காட்டெருமையும் மானும் சாலையோரப் புல்லில் மேய்வதைப் பார்க்க வேண்டுமானால் கோடை மழைக்குப் பிந்தைய மே. மழை இரண்டு மூன்று பெய்து குட்டைகளெல்லாம் நிரம்பிவிட்டால் யானைக்கு ஆற்றுக்கு இறங்க வேண்டிய கட்டாயம் தீர்ந்துபோகிறது. ஜூன் 12 டெல்டா பாசனத்துக்காக மேட்டூர் அணை திறக்கப்படும் வழக்கமான நாள். அதை ஒட்டிக் குடகிலும் வயநாட்டிலும் பருவமழை வலுத்து, கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பத் தொடங்கினால் ஒகேனக்கல்லில் நீர்வரத்து உயர்ந்து பரிசல் இயக்கத்துக்குத் தடை வந்துவிடும். சேலத்தில் இருந்து மேட்டூர் சுமார் 50 கிலோமீட்டர். விடிகாலை 4 மணிக்குக் கிளம்பினால் கொளத்தூரைத் தாண்டும்போது வெளிச்சம் வந்துவிடும், பாலாற்றுப் படுகையில் இருந்து விலங்கு காட்டுக்கு ஏறும் நேரத்துக்கு அங்கே இருக்கலாம். பெட்ரோலை மேட்டூரிலேயே நிரப்பிக்கொள்வது நல்லது. அன்றைய நிலவரத்தைக் காரைக்காடு சோதனைச்சாவடியில் பணியில் இருப்பவர்களிடம் கேட்டுக்கொண்டு போக வேண்டும். எந்தப் பள்ளத்தில் கூட்டம் இறங்கியிருக்கிறது, எந்த ஒற்றை யானை நேற்று பைக்கை விரட்டியது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். மாலை 5 மணிக்கு மேல் மலையில் இருந்து இறங்கத் தொடங்கினால், யானைகள் தண்ணீருக்கு வரும் நேரமும் வண்டி வரும் நேரமும் ஒன்றாகிவிடும் என்பதால், அதற்கு முன்பே புறப்பட்டுவிடச் சொல்லி அவர்கள் வற்புறுத்துவதைத் தட்டாமல் கேட்க வேண்டும்.